ரோயிங் மெஷினும் பெண் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் ட்ரெட்மில்லுக்குக் காத்திருப்பார்கள். ஓரத்தில் நீளமாகக் கிடக்கும், படகில் துடுப்பு வலிப்பது போல உட்கார்ந்து இழுக்கும் ரோயிங் மெஷினில் யாராவது உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் இழுக்கத் தொடங்கிவிட்ட பெண்களும் தொடங்கத் தயங்குகிற பெண்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

ரோயிங் செய்தால் உடம்பில் என்ன மாறும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

முதலில் மாறுவது மூச்சு. மாடிப்படி ஏறும்போது, பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைக்கும்போது அது தெரியும். வாரம் மூன்று நாள் ஒழுங்காக இழுத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பாலானவர்கள் இதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்தது கால் பலம். தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு முதுகும் தோளும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முன்னால் விழுந்திருக்கும் தோள்கள் கொஞ்சம் பின்னுக்குப் போகும். உருவ மாற்றம் இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரும். எடை மெஷினில் தெரியும் மாற்றம் கடைசி, சிலருக்கு அது வராமலும் போகலாம்.

பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக எதிர்பார்த்து வருகிறார்கள். எடை இறங்கவில்லை என்று ஒரு மாதத்தில் நிறுத்தியும் விடுகிறார்கள். உடம்புக்குள் நடந்துகொண்டிருந்த நல்ல காரியம் அத்தோடு நின்றுபோகிறது.

தோள் அகலமாகி ஆம்பளை உடம்பு மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது. தசை பெருக முக்கியக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். வளர்ந்த ஆணின் ரத்தத்தில் அது பெண்ணைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். மேலும், தசை அளவில் நன்றாகப் பெருக வேண்டுமென்றால் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் தூக்க முடியாத எடையைத் தூக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும். அரை மணி நேர ரோயிங்கில் அறுநூறு முறைக்கு மேல் இழுக்கிறீர்கள். அது தாக்குப்பிடிக்கும் சக்திக்கான வேலை.

"ஒலிம்பிக்கில் ரோயிங் பெண்களைப் பார்த்தேன், எவ்வளவு அகலம்!" என்று அடுத்த கேள்வி வரும். ஒலிம்பிக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். லைட்வெயிட் பெண்கள் பிரிவில் ஒருவர் 59 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, படகில் உள்ளவர்களின் சராசரி 57 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவின் இரட்டையர் தங்கத்தை பிரிட்டனின் எமிலி கிரெய்கும் இமோஜன் கிராண்டும் வென்றார்கள். ஒலிம்பிக்கில் லைட்வெயிட் பிரிவு நடந்தது அதோடு கடைசி. எடைக் கட்டுப்பாடு இல்லாத பிரிவில் வருகிறவர்களோ உயரமும் பருமனும் கொண்டவர்கள். இரு தரப்பும் செய்வது ஒரே அசைவு, அதே மெஷின், அதே தூரம். உயரமும் நீண்ட கைகாலும் உள்ளவர்களுக்குப் படகில் அனுகூலம் அதிகம், அதனால் அவர்கள் அங்கே போய்ச் சேருகிறார்கள். ரோயிங் அவர்களை உயரமாக்கவில்லை. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள பெண், இருக்கிற எலும்புக்கூட்டின் மேல் கொஞ்சம் இறுகிய தசையோடு, அதே ஐந்தடி இரண்டு அங்குலத்தில்தான் இருப்பார்.

தொடை பெருத்துவிடுமா?

தொடையும் பின்புறமும் உறுதியாகும், ஏனென்றால் வேலையில் பாதிக்கு மேல் கால்கள்தான் செய்கின்றன. கோச்சுகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: கால் 60 சதவீதம், இடுப்பும் முதுகும் 30, கை 10. முதல் சில வாரம் தொடை இறுக்கமாக, கொஞ்சம் வீங்கினாற்போலக்கூடத் தோன்றும். புதிய வேலைக்குப் பழகும் தசை தண்ணீரைப் பிடித்துவைப்பதால் வருவது அது, தானே வடியும். அதன் பிறகு சுற்றளவு குறையுமா, அப்படியே இருக்குமா என்பது உங்கள் தொடையில் கொழுப்பு எவ்வளவு, சாப்பாடு எப்படி என்பதைப் பொறுத்தது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடலாம். அதைக் கெட்ட செய்தியாக நான் எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

தொப்பை குறையுமா? நான் சேர்ந்ததே அதற்காகத்தான்.

வயிற்றை மட்டும் குறிவைத்துக் கொழுப்பைக் கரைக்கும் உடற்பயிற்சி எதுவும் கிடையாது. ரோயிங்குக்கும் அந்த வித்தை தெரியாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதை உங்கள் மரபணுவும் ஹார்மோனும் முடிவுசெய்கின்றன. பலருக்கு முகமும் கையும் முதலில் மெலியும், "என்ன, வாடிப்போயிட்டே" என்று உறவுக்காரர்கள் வருத்தப்படுவார்கள், தொப்பை அப்போதும் அசையாமல் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. கல்லீரல், குடலைச் சுற்றி உள்ளே படியும் கொழுப்பு ஒரு வகை, தோலுக்கடியில் கைக்குப் பிடிபடும் கொழுப்பு இன்னொரு வகை. சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் அதிகம் சம்பந்தப்பட்டது உள்ளே இருப்பது. ரோயிங் போல மூச்சு வாங்கவைக்கும் பயிற்சிக்கு அந்த உட்கொழுப்பு நன்றாக மசியும், மொத்த எடை பெரிதாக இறங்காவிட்டாலும்கூட. எடையைவிட இடுப்பளவைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். இந்தியப் பெண்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை 80 சென்டிமீட்டர். தொப்புள் உயரத்தில், மூச்சை இழுத்துப்பிடிக்காமல் அளக்க வேண்டும். இழுத்துப்பிடிக்காமல் என்பதை நான் இரண்டு முறை சொல்வது வழக்கம்.

அரை மணி நேரத்தில் எத்தனை கலோரி போகும்?

மெஷின் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், குறிப்பாக நீங்கள் ஒல்லியாக இருந்தால். ஜிம்களில் அதிகம் காணும் கான்செப்ட்2 மெஷினின் மானிட்டர், உட்கார்ந்திருப்பவர் 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ என்று வைத்துக்கொண்டு கலோரியைக் கணக்கிடுகிறது. 55 கிலோ பெண்ணுக்கு அது கூடுதலாகத்தான் காட்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்ற வேகத்தில் இழுத்தால் உங்கள் சக்தி ஏறக்குறைய 104 வாட். அந்த வேகத்தில் அரை மணி நேரத்துக்கு மானிட்டர் 330 கலோரி காட்டும். 55 கிலோவுக்குத் திருத்திப் பார்த்தால் 280 சொச்சம். புதிதாகத் தொடங்குகிறவர் 3 நிமிட வேகத்தில், 60 வாட்டில், இழுப்பார். அவருக்கு அரை மணி நேரத்தில் 207 அளவில்தான் செலவாகும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. வாரம் மூன்று முறை அரை மணி நேரம், முறைக்கு 280 என்றால் வாரத்துக்கு 840. சாப்பாட்டை மாற்றாமல் ரோயிங்கை மட்டும் நம்பினால் ஒரு கிலோவுக்கு ஒன்பது வாரம். "ஒரு மாதத்தில் பத்து கிலோ" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் கீழே ஓட்டலில் ஒரு மசால் தோசை, சர்க்கரை போட்ட காபி என்றால் அன்றைய கணக்கு நேராகிவிடும். தோசை சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. எடை இறங்குவது பெரும்பாலும் அடுப்படியில் முடிவாகிற விஷயம், மெஷின் அதற்குத் துணைதான்.

தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பு எதுவும் இல்லை. பழக்கமில்லாத வேலை கிடைத்ததும் தசைகள் சர்க்கரைச் சத்தைக் கூடுதலாகச் சேமித்துவைக்கும், அதோடு தண்ணீரும் சேரும். ரத்தத்தின் அளவும் கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர்கோத்து ஏறும் எடை வேறு. ஆறு வாரம் கழித்து, சுழற்சியின் அதே கட்டத்தில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். அப்போதும் ஏறிக்கொண்டே போனால் பசி கூடிச் சாப்பாடு கூடியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். உடற்பயிற்சி செய்தோமே என்ற தைரியத்தில் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

அப்படியானால் மாற்றத்தை எதை வைத்துப் பார்ப்பது?

எனக்குப் பிடித்த அளவுகோல் ரவிக்கை. நன்றாகப் பொருந்தித் தைத்த பழைய பிளவுஸ் ஒன்றை எடுத்துவையுங்கள், பிரித்துத் தைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். கைச் சுற்று தளர்ந்திருக்கலாம், அடிப்பட்டி தளர்ந்திருக்கலாம், அதே நேரத்தில் முதுகுப் பக்கம் கொஞ்சம் பிடிக்கவும் செய்யலாம். எங்கே கொழுப்பு போனது, எங்கே தசை வந்தது என்பதை ஒரே துணி காட்டிவிடும். எடை மெஷினால் அது முடியாது.

இன்னொன்று, மானிட்டரில் 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும் எண். ஸ்பிளிட் என்பார்கள். மாதம் ஒருமுறை 2,000 மீட்டரை ஒரே ஓட்டமாக இழுத்து நேரத்தைக் குறித்துவையுங்கள். ரோயிங்கின் பந்தயத் தூரம் அது. 1976 மான்ட்ரியாலில் பெண்கள் ரோயிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது அவர்களுக்கு 1,000 மீட்டர்தான் கொடுத்தார்கள். ஆண்களுக்கு இணையான 2,000 மீட்டர் 1988 சியோலில்தான் வந்தது. 2021இல் அமெரிக்காவின் புரூக் மூனி இந்தத் தூரத்தை மெஷினில் 6 நிமிடம் 21.1 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். முதல் முறை இழுக்கிற உங்களுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

ஸ்பிளிட் குறைவது தொடக்கத்தில் சுலபம், போகப் போகக் கடினம். 3 நிமிட வேகத்துக்கு 60 வாட் போதும், 2:30க்கு 104 வேண்டும், 2 நிமிடத்துக்கு 200க்கு மேல். கடைசி அரை நிமிடத்தைக் குறைக்கச் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும். ஆகவே மூன்றாவது மாதத்தில் எண் நகரவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

பக்கவாட்டு லீவரை 10இல் வைத்தால் சீக்கிரம் பலன் வருமா?

வராது. முதுகுதான் பிடித்துக்கொள்ளும். அந்த லீவருக்கு டாம்பர் என்று பெயர். காற்றுச் சக்கரத்துக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது. சைக்கிள் கியர் போல. 1981இல் வந்த முதல் கான்செப்ட்2 மெஷினில் சுழன்றதும் சைக்கிள் சக்கரம்தான். பெரிய கியரில் வைத்து மிதித்தால் வேகம் வந்துவிடாது, முழங்கால் நோகும். 10இல் வைத்தால் ஒவ்வொரு இழுப்பின் தொடக்கமும் சேற்றிலிருந்து பிடுங்குவதாகத் தோன்றும், கால் வேலையை முதுகு வாங்கிக்கொள்ளும். 3 முதல் 5 வரை வையுங்கள்.

ஜிம்முக்கு ஜிம் ஒரே எண் வேறு மாதிரி இருக்கும், சக்கரக் கூண்டில் தூசி அடைந்திருந்தால் 5 என்பது 3 போலத்தான் இழுக்கும். மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டிஸ்ப்ளே டிராக் ஃபாக்டர்' இருக்கிறது. அதைத் திறந்து பத்து முறை இழுத்தால் காற்றுத் தடையின் உண்மையான எண் தெரியும். பெரும்பாலான பெண்களுக்கு 100 முதல் 120 வரை வசதியாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் பையன் வந்து "அக்கா, பத்துல வைங்க" என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

சரியாக இழுப்பது எப்படி?

வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: இழுத்துப் பின்னால் போகும்போது கால், உடம்பு, கை. முன்னால் திரும்பி வரும்போது கை, உடம்பு, கால்.

முன்னால் வந்து முழங்காலை மடக்கி உட்காரும்போது முன்னங்கால் எலும்பு செங்குத்தாக இருக்கட்டும், அதற்கு மேல் குறுக வேண்டாம். கைகள் நேராக, தோள் தளர்ந்து, முதுகு நீண்டு இருக்க வேண்டும். முதலில் காலால் மிதித்துத் தள்ளுங்கள், கை வெறும் கொக்கி. கால் ஏறக்குறைய நீண்டபிறகு உடம்பு இடுப்பிலிருந்து பின்னால் சாயும், கடிகாரத்தில் பதினொரு மணிக்கு நிற்கும் முள் அளவுக்கு. கடைசியாகக் கை மடங்கி, ஹேண்டில் மார்புக்குக் கீழே விலாப்பக்கம் வந்து தொடும். கழுத்துக்கு இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே கழுத்து வலிக்கும். முன்னால் திரும்பி வரும்போது கை முதலில் நீளட்டும், உடம்பு முன்னால் சாயட்டும், முழங்கால் கடைசியில் மடங்கட்டும். முழங்காலை முதலில் மடக்கினால் ஹேண்டிலை அதன் மேல் தூக்கிக் கடத்த வேண்டிவரும். அப்படிச் செய்கிறீர்கள் என்றால் வரிசை தவறிவிட்டது என்று அர்த்தம்.

இழுக்கும் நேரம் ஒரு பங்கு, திரும்பும் நேரம் இரண்டு பங்கு. நிமிடத்துக்கு 20 முதல் 24 முறை போதும். 35 முறை சரக் சரக்கென்று போய் வருகிறவர் வேகமாகப் போகிறார் என்று தோன்றும். மானிட்டரைப் பார்த்தால் 22இல் இழுக்கும் பெண்ணைவிட மெதுவாக இருப்பார்.

இரண்டாம் நாளே இடுப்பு வலி. இது எனக்கு ஒத்துவராதா?

ரோயிங்கில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகுதான், ஒலிம்பிக் வீரர்களுக்கும் சேர்த்து. பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று: முன்னால் வரும்போது முதுகைக் கூன்போட்டு எட்டிப்பிடிப்பது, கால் தள்ளி முடிப்பதற்குள் முதுகைத் திறப்பது, டாம்பரை ஏற்றிவைப்பது, களைத்தபிறகும் நிறுத்தாமல் இழுப்பது. பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுத்துப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே கிடைக்கும். தொடையின் பின்பக்கம் இறுகியவர்களால் இடுப்பிலிருந்து முன்னால் சாய முடியாது, முதுகுதான் வளையும். அவர்கள் பாதம் வைக்கும் பலகையை ஒரு துளை கீழே இறக்கினால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

தசைவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். காலுக்குள் மின்னல் வெட்டுவது போல இறங்கும் வலி, மரத்துப்போவது, இரவில் எழுப்பும் வலி இவை வேறு ரகம். மெஷினை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். டிஸ்க் பிரச்சினை ஏற்கனவே உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் எப்படிப் போக வேண்டும்?

முதல் வாரம் ஐந்து நிமிடம் இழுத்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, இப்படி மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். வாரத்துக்கு வாரம் சுற்றை ஒரு நிமிடம் நீட்டுங்கள், ஓய்வைக் குறையுங்கள். ஐந்தாறு வாரத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் போய்விடலாம். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வேகத்தைச் சேருங்கள்: ஒரு நிமிடம் பலமாக, ஒரு நிமிடம் மெதுவாக, எட்டு முறை. மற்ற நாட்கள் மெதுவாகவே இருக்கட்டும். தினமும் நாக்கு தள்ள இழுப்பதுதான் நல்ல பயிற்சி என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பலர் அதனால்தான் கைவிடுகிறார்கள்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. ரோயிங் மூன்று நாள், நடை இரண்டு நாள் என்று பிரித்தால் அந்த 150ஐ எட்டிவிடலாம்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாமா?

செய்யலாம். வயிற்றுவலிக்கு மெதுவான அசைவு சிலருக்கு இதமாகக்கூட இருக்கும். முடியாத நாளில் படுத்துக்கொள்ளுங்கள், யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், அதாவது 2019–21இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. இழுக்க இழுக்க மூச்சு முன்னேறாமல், தலைசுற்றி, படபடவென்று வந்தால் "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் ஒருமுறை பாருங்கள், முடிந்தால் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். இரும்புச்சத்து இல்லாத உடம்பில் எந்தக் கோச்சாலும் எதுவும் செய்ய முடியாது.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது. உதவுமா?

உதவும், எடை குறையும் முன்பே. வேலை செய்த தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், இன்சுலின் எதிர்ப்பு குறையும். பிசிஓஎஸ்ஸின் அடியில் கிடக்கும் முக்கியப் பிரச்சினைகளில் அது ஒன்று. எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே சுழற்சி சீராக வாய்ப்பிருக்கிறது. ரோயிங்தான் வேண்டும் என்றில்லை, விடாமல் செய்யும் எதுவும் சரி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பலமாக இழுக்கும்போது சிறுநீர் கசிகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பிரசவமான பெண்களிடம் இது சாதாரணம், ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தால் வயிற்றின் அழுத்தம் முழுக்க, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் மேல் இறங்கும். தள்ளும்போது மூச்சை விடுங்கள், டாம்பரையும் வேகத்தையும் குறையுங்கள். இடுப்புத்தளத்துக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், சில மாதப் பயிற்சியில் பலருக்குச் சரியாகிறது. குதிக்கிற, ஓடுகிற பயிற்சிகளோடு ஒப்பிட்டால் ரோயிங்கில் இந்தத் தொல்லை குறைவு.

கர்ப்பமாக இருக்கும்போது, முன்பே பழகியவர்கள் டாக்டர் சம்மதித்தால் மெதுவாகத் தொடரலாம். வயிறு வளர வளர முன்னால் குனிய இடமிருக்காது, அப்போது நடைக்கு மாறிவிடுவது உத்தமம். பிரசவத்துக்குப் பிறகு, சிசேரியன் என்றால் கட்டாயமாக, பரிசோதனை முடிந்து டாக்டர் சொன்னபிறகே மெஷின். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு 58 வயது, முழங்கால் தேய்மானம். அவர்களும் செய்யலாமா?

உட்கார்ந்து செய்வதால் உடம்பின் பாரம் முட்டியில் மோதாது, அது நல்லது. ஆனால் முட்டி நன்றாக மடங்க வேண்டும். வலிக்கிற இடம் வரை மடக்காமல் பாதித் தூரம் மட்டும் போய் வந்தாலும் பயன் உண்டு. பெரிய தொல்லை உட்காருவதிலும் எழுவதிலும்தான். சாதாரண மாடலின் சீட் தரையிலிருந்து ஒரே அடி சொச்ச உயரம்தான். உயரமான கால் வைத்த மாடலில் ஏறக்குறைய 51 சென்டிமீட்டர், நாற்காலி உயரத்துக்கும் மேல்.

மாதவிடாய் நின்றபிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது. எலும்பு வலுப்பெறக் கொஞ்சம் மோதலும் பாரமும் வேண்டும், ரோயிங்கில் பாதம் தரையில் மோதுவதே இல்லை. அதனால் அம்மா நடையை விடக் கூடாது, எடை தூக்கும் பயிற்சியும் கொஞ்சம் வேண்டும். எலும்புத் தேய்மானம் ஏற்கனவே கண்டறியப்பட்டிருந்தால் கூன்போட்டு இழுப்பது முதுகெலும்புக்கு ஆபத்து, டாக்டரின் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

இது ஒன்றே போதுமா? "86 சதவீதத் தசைகள் வேலை செய்யும்" என்று விளம்பரத்தில் பார்த்தேன்.

நிறையத் தசைகள் வேலை செய்கின்றன, உண்மை. அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. ரோயிங்கில் இழுப்பது இருக்கிறது, கையால் தள்ளுவது இல்லவே இல்லை. மார்பும் தோளின் முன்பக்கமும் கையின் பின்சதையும் பெரிதாக வேலை செய்யாது. பின்சதை தொங்குகிறது என்று கேட்கிறவர்களுக்கு ரோயிங்கைவிடச் சுவரில் கைவைத்துச் செய்யும் புஷ்-அப் நல்லது, பழகியபின் தரையில். பக்கவாட்டு அசைவும் இல்லை. வாரம் இரண்டு நாள் புஷ்-அப், ஸ்குவாட், ஒற்றைக் கையால் பாரம் சுமந்து நடப்பது இவற்றைச் சேருங்கள்.

என்ன சாப்பிட வேண்டும்?

பட்டியல் போட்டுத் தர நான் டயட்டீஷியன் இல்லை. பொதுவாகக் காண்பது புரதக் குறைவு. ஒருநாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது சாதாரண ஆளுக்கான அளவு. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 கிராமாவது வேண்டும். 55 கிலோவுக்கு 66 கிராம். காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, இரவு இரண்டு தோசை என்று போனால் அதில் பாதியை எட்டுவதே பெரும்பாடு. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு ஒன்பது கிராம். சாம்பாரில் பருப்பைத் தேட வைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைக் கூட்டுவது. மாதவிடாய் தள்ளிப்போய், நின்றேபோனால் அது உடம்பு வைக்கும் முறையீடு. செலவுக்கேற்ற உணவு கிடைக்காததால் ஹார்மோனும் எலும்பும் மனநிலையும் பாதிக்கப்படுவதைப் பற்றிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனி அறிக்கையே வெளியிட்டது. வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதல்ல, கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று கிளம்பும் பெண்ணுக்கும் வரும்.

என்ன உடுத்துவது?

தொளதொள குர்தா, நீண்ட டி-ஷர்ட் வேண்டாம். சீட்டின் உருளைகளில் முனை மாட்டிக்கொண்டு சடக்கென்று நிறுத்திவிடும். துப்பட்டா கூடவே கூடாது. நீண்ட பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுவிடுங்கள். தாலிச் செயினை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், இழுத்து முடிக்கும் இடத்தில் ஹேண்டில் அதில் மாட்டும். வளையல், மோதிரம் கழற்றிவைத்தால் கை பிழைக்கும். விரலடியில் கொப்புளம் வருவது ஹேண்டிலை இறுகப் பிடிப்பதால். விரல்களைக் கொக்கியாக வைத்தால் போதும், கட்டைவிரல் சும்மா இருக்கட்டும். பின்புறம் வலித்தால் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மெஷினில் பழகினால் நிஜப் படகில் போகலாமா?

பலம் வந்திருக்கும், துடுப்பும் சமநிலையும் தனியாகக் கற்க வேண்டும். 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் சென்னையில் அடையாற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

வீட்டுக்கு வாங்கலாமா?

மூன்று மாதம் ஜிம்மில் விடாமல் இழுத்தபிறகு இந்தக் கேள்விக்கு வாருங்கள். துணி காயப்போடும் மெஷினாக மாறிய ட்ரெட்மில்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வாங்குவதென்றால் முதலில் இடம்: காற்றுச் சக்கர மெஷின் எட்டடி நீளம், பின்னால் இன்னும் இரண்டடி வேண்டும். இரண்டாகப் பிரித்து ஓரமாக நிறுத்தும் வகை அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது. அடுத்தது சத்தம்: காற்றுச் சக்கரம் பலமாக இழுத்தால் டிவி கேட்காது, தண்ணீர்த் தொட்டி உள்ளதும் காந்த வகையும் அமைதி. விலை மலிவான ஹைட்ராலிக் பிஸ்டன் வகை கையைத்தான் வேலை வாங்கும், கால் ஓட்டம் சரியாக வராது, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழையது வாங்கினால் சீட் தண்டவாளத்தில் கீறல் இருக்கிறதா, சங்கிலி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், கடலோர ஊர்களில் துரு சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தை ஈரத்துணியால் துடைத்து, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவந்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.